கார்ப்பெட் ஓரத்துக் கரி

ஊரில் வாரண்ட் என்றால் வீட்டு வாசலில் பொலிஸ் வந்து நிற்கும். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் வாரண்ட் என்பது காருக்குக் கொடுக்கிற சான்றிதழ். அது இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது. அந்தச் சான்றிதழைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கிற வேலையைத்தான் இருபது வருடமாக ஒடாஹுஹு என்கிற புறநகரில் ஒரு கராஜில் செய்துகொண்டிருக்கிறேன்.

பிரேக், டயர், லைட், சீட் பெல்ட் எல்லாம் பார்த்த பிறகு புகை பார்க்க வேண்டும். என்ஜினைச் சில விநாடிகள் சும்மா ஓடவிட்டு, பிறகு ஒருதரம் மிதித்துப் பார்ப்பது. சைலன்சரிலிருந்து வருகிற புகை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் ஃபெயில். தெரியாவிட்டால் பாஸ். கண்ணுக்குத் தெரியாத புகைக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை, களைத்துவிட்டேன்.

வீடு கிளென்ஃபீல்டில். காலையில் கடலுக்கு மேலே போகிற பாலத்தைக் கடந்து, மோட்டர்வேயில் ஊர்ந்து ஊர்ந்து வேலைக்கு வந்து சேர ஒரு மணித்தியாலம். மாலையில் அதே ஒரு மணித்தியாலம், சில நாள் அதற்கும் மேலே. முன்னால் போகிற லொறியின் பின்புறத்தைப் பார்த்தபடி என் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கடதாசித் துவாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். சுத்தமான பச்சை நாடு என்று படம் காட்டித்தான் எங்களை எல்லோரும் இங்கே அனுப்பிவைத்தார்கள். பச்சைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூக்குக்குள் கறுப்பு.

புகையைப் பார்த்தே நோயைச் சொல்லுவேன். நீலமாக வந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது. வெள்ளையாக விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கறுப்பாக வந்தால் டீசல் சரியாக எரியாமல் கரியாக வருகிறது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நான் கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. பெற்றோல் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குப்பியில் வைத்திருக்கிற கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் நடுரோட்டில் நின்றுவிடும். அந்தக் காலத்தில் நடுரோட்டில் நிற்பதற்கு யாருக்கும் விருப்பமில்லை. கண்ணெரிய எரியப் புகைக்குள்தான் நின்று வேலை செய்தோம். மேலே விமானம் சுற்றுகிறபோது கீழே இருக்கிற புகையைப் பற்றி யார் கவலைப்பட்டது?

அந்தக் காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வண்டியையும் சூடேற்றாமல் எடுக்க மாட்டேன். என் கை சாவியைத் திருப்பும், கால் தானாகவே இறங்கி வெளியே வந்துவிடும். இப்போது வருகிற என்ஜின்களுக்கு அது தேவையில்லை என்று மெக்கானிக்கான எனக்குத் தெரியாமலில்லை. வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். தெரிந்தும் என் வண்டிக்கு மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்களிடம் ஒரு பழைய டீசல் வான் இருந்தது. வாடகை வீடு. மலைச்சரிவில் கட்டிய வீடு என்பதால் கராஜ் கீழே, அறைகள் மேலே. கராஜுக்கு நேர் மேலே மகளின் அறை. காலை ஐந்தரைக்கு இறங்கி வானை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு மேலே வருவேன். சாமிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு, பாணும் தேத்தண்ணியும் முடித்து இறங்கப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். முதலில் கராஜ் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருநாள் வேலியருகில் நின்று, காலையில் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் சனத்துக்கு ஒரு முறைப்பாடு வந்தால் உயிர் போனது மாதிரி. அடுத்த நாளிலிருந்து கதவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். கிழவர் கையசைத்து நன்றி சொன்னார். எனக்குப் பெரிய திருப்தி.

அந்தக் குளிர்காலத்தில்தான் மகளுக்கு இருமல் தொடங்கியது. முதலில் சளி, தடிமன் என்றோம். பிறகு இழுப்பு வந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வருவது பைஜாமாவுக்கு மேலாகவே தெரியும். டொக்டர் ஆஸ்துமா என்று சொல்லி நீலப் பம்ப் ஒன்றும் மண்ணிறப் பம்ப் ஒன்றும், மூச்சோடு மருந்தை இழுக்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் தந்தார். ஒருநாள் காலை நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்து பூட்சைக்கூடக் கட்டவில்லை, மனைவியிடமிருந்து ஃபோன். அம்புலன்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றாள். பின்னால் மகள் மூச்சுக்குப் போராடுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக அதே மோட்டர்வேயில் அதே லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்தேன். ஹோர்ன் அடித்துப் பழக்கமில்லாத நான் அன்றைக்கு அடித்தேன். ஒருவரும் நகரவில்லை, நகர இடமும் இல்லை. அழுதுகொண்டே ஓட்டினேன்.

மகள் மாஸ்க் போட்ட முகத்தோடு கட்டிலில் இருந்தாள். என்னைக் கண்டதும் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, "ஐ ஆம் ஓகே அப்பா," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நர்ஸ் பார்க்க வந்தார். நல்ல மனுசி. ஈரம் இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, ஹீட்டர் என்ன மாதிரி என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டதும் நான் நெஞ்சை நிமிர்த்தி இல்லை என்றேன். பிறகு, வீட்டில் வேறு ஏதாவது ஸ்மோக் அல்லது ஃப்யூம்ஸ் உண்டா என்று கேட்டார்.

இரண்டு சொல் சொன்னார். இரண்டையும் நான் வேலையில் தினமும் கேட்கிறேன். ஆனால் வீட்டுக்குள், மனைவி பக்கத்தில் இருக்கும்போது, அந்த இரண்டும் என் வாயில் ஒரே சொல்லாகிவிட்டது.

"வீட்டில ஏதும் புகைக்கிறனாங்களோ எண்டு கேக்கிறா," என்றேன் மனைவியிடம்.

தமிழில் புகை ஒன்றுதான். அடுப்பில் வருவதும் புகை, சைலன்சரில் வருவதும் புகை. ஆனால் வீட்டுப் பெண்ணிடம் புகைக்கிறதா என்று கேட்டால் அவளுக்கு எது ஞாபகம் வரும்? மனைவியின் முகம் சட்டென்று வாடிப்போனது.

"வெள்ளிக்கிழமையில சாம்பிராணி போடுறனான்," என்றாள். "கற்பூரம் கொளுத்துறனான். செத்தல் மிளகாய் வறுக்கேக்க வீடு முழுக்க நெடில் அடிக்கும். அதுவோ? இஞ்சேருங்கோ, அதுகளாலதானோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். நர்ஸ் மிகவும் மரியாதையாக, அவையும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. நான்தான் கேள்வியைப் பாதி கொடுத்துவிட்டுப் பதிலை முழுதாக வாங்கினேன். கீழே கராஜில் வான் நிற்பது அந்த நேரம் என் நினைவில் துளியும் இல்லை. என் மண்டைக்குள் என்ஜின் புகை ஒடாஹுஹுவில் இருந்தது. வீட்டுப் புகை வீட்டில் இருந்தது.

அன்றைக்கே மனைவி சாம்பிராணி டின்னை அலுமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டாள். கற்பூரம் போனது. மிளகாய் வறுப்பது, மீன் பொரிப்பது, கறிக்குத் தாளிப்பது எல்லாம் நின்றது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி எல்லாவற்றையும் அவித்துச் சாப்பிட்டோம். வீட்டுக்கு ஒரு மணமும் இல்லாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளைக்காகக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பாணைச் சாப்பிட்டேன். கீழே வான் சூடாகிக்கொண்டிருந்தது.

மகளின் இருமல் நிற்கவில்லை. அதுவும் விடியப்புறத்தில்தான் கூட. குளிரால் என்றோம்.

அந்த நாட்களில் ஒருநாள் வேலையில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் பழைய டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். மிதித்ததும் பின்னால் கறுப்பாக ஒரு மேகம் எழும்பியது. ஃபெயில் என்றேன்.

"அண்ணா, நம்ம ஆளு நீங்களே இப்படிப் பண்ணலாமா? கொஞ்சம் பார்த்து விடுங்கண்ணா. நாளைக்கே சரி பண்ணிடறேன்."

"ஏலாது தம்பி."

"இந்த ஊர்ல ஓடுற லாரிக்கெல்லாம் வராத புகையா எனக்கு வந்துருச்சு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ர பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்து வந்தவள்," என்றேன். "உங்கட காருக்குப் பின்னால பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற பிள்ளையளை யோசிச்சுப் பாருங்கோ." அவர் தலையைக் குனிந்துகொண்டு சாவியை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போகும்போது நான் என்னவோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சில மாதம் கழித்து, வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண் வழமைபோல் அறை அறையாகச் சோதனை செய்ய வந்தார். மகளின் அறையில் சுவரோரமாகக் கார்ப்பெட்டில் ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. பென்சிலால் கீறியது மாதிரி, மூலையில் மட்டும் தடிப்பாக. அவர் அதைப் படமெடுத்துக்கொண்டு, ஊதுபத்தி மாதிரி எதையாவது கொளுத்துகிறீர்களா, இது அந்தக் கரிதான், சுத்தம் செய்துவிடுங்கள் என்றார். சாமிப்படங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அவர் போனதும் மனைவி குசினியில் நின்று அழுதாள். "பிள்ளையின்ர அறை முழுக்க என்ர சாம்பிராணிக் கரி. இதைத்தானே அவள் இவ்வளவு நாளும் இழுத்தவள்."

"நீர் அழாதையும். நான் துடைச்சு விடுறன்," என்றேன்.

சோப்புத் தண்ணியும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போய் முழங்காலில் இருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். துணியைப் போட முன்னர் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து உரசினேன்.

சாம்பிராணிக் கரி எனக்குத் தெரியும். இது அது இல்லை. வழுவழுப்பாக, எண்ணெய்ப் பிடிப்போடு, விரல் ரேகைக்குள் இறங்கி நிற்கிற கரி. டீசல் வண்டியின் சைலன்சருக்குள் விரலை விட்டு எடுத்தால் வருகிற கரி. முப்பது வருடமாக என் நகத்துக்குள் இருக்கிற கரி. அதோடு, சாம்பிராணியை நிறுத்தி நான்கு மாதமாகிவிட்டது, இந்தக் கோட்டின் மேல்பக்கம் புதிதாக இருந்தது.

குனிந்து சுவர் ஓரத்தைப் பார்த்தேன். தரைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி. அதற்குக் கீழே கராஜ். புகை அந்த வழியாக ஏறி, கார்ப்பெட் நாரில் கரியை விட்டுவிட்டு, மிச்சத்தோடு அறைக்குள் வந்திருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையும் பதினைந்து நிமிடம். நான் கதவை இறக்கிவிட்டு, மேலே நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த பதினைந்து நிமிடம்.

பிறகு துடைத்தேன். தண்ணியை மூன்று தரம் மாற்றினேன். துணியைக் குசினிக் குப்பையில் போடாமல் வெளிக் குப்பைத் தொட்டியில், மற்றக் குப்பைகளுக்கு அடியில் போட்டேன்.

"போயிட்டுதோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம், போயிட்டுது."

அன்றைக்கு வானை வெளியே எடுத்து ரோட்டில் விட்டேன். அதற்குப் பிறகு அது கராஜுக்குள் போகவே இல்லை. காலையில் ஏறிய உடனே எடுத்துக்கொண்டு போனேன். வண்டி ஒருநாளும் நின்றுபோகவில்லை. ஏன் ரோட்டில் விடுகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, கராஜில் சாமான் வைக்க இடம் வேண்டும் என்றேன். அந்தச் சுவரோர இடைவெளியைச் சிலிக்கோனால் அடைத்தேன். குளிர் வராமலிருக்க என்றேன். பொய் சொல்லத் தொடங்கினால் ஒன்றுக்குப் பின் ஒன்று வரிசையில் வந்து நிற்கிறது.

இரண்டு மூன்று கிழமையில் மகளின் விடியக்கால இருமல் குறைந்தது. கோடைகாலம் வர ஓடி விளையாடத் தொடங்கினாள். ஆஸ்துமா முழுதாகப் போகவில்லை. தடிமன் வந்தால் இழுக்கும், பம்ப் எப்போதும் பையில் இருக்கும். ஆனால் அம்புலன்ஸ் மறுபடி வரவில்லை.

மனைவிக்கு ஒரே சந்தோசம். "பாத்தியளோ, சாம்பிராணியை நிப்பாட்டினது எவ்வளவு நல்லதாப் போச்சு," என்றாள். அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மூடிக்கொண்டேன். வெட்கம். வேறொன்றுமில்லை. ஊரெல்லாம் புகை பார்க்கிற மனுசன் தன் பிள்ளைக்கே புகை போட்டான் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். நாளைக்கு வேலை இருந்தது, மறுநாள் களைப்பாக இருந்தது, பிறகு அது பழைய கதையாகிவிட்டது. வான் போய் வேறு கார் வந்தது. அந்த வீட்டை விட்டு, இரண்டு தெரு தள்ளி மோர்ட்கேஜில் வேறு வீடு எடுத்தோம். சாம்பிராணி டின்னும் எங்களோடு வந்தது, மறுபடியும் அலுமாரியின் மேல்தட்டுக்கே போனது. ஒன்பது வருடம்.

இப்போது மகளுக்குப் பதினேழு. கார் பழகுகிறாள். போன சனிக்கிழமை மூன்று பேருமாகச் சாமான் வாங்க மோலுக்குப் புறப்பட்டோம். மகள் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், மனைவி பின் சீட்டில். இப்போது இருப்பது ஹைபிரிட் கார், ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே வராது. பட்டனை அமத்திவிட்டு மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பிள்ளை, எடன்," என்றேன்.

"டோன்ட் வி ஹாவ் டு வெயிட்? யூ ஆல்வேய்ஸ் வெயிட்டட். வென் ஐ வாஸ் லிட்டில்," என்றாள். பிறகு பின்னால் இருந்த அம்மாவுக்காகத் தமிழுக்கு மாறினாள். அவளுடைய தமிழ் மெதுவாகத்தான் வரும். "அப்பாட வான் கீழ நிண்டு சத்தம் போடும். என்ட ஃப்ளோர் எல்லாம் சூடா, ஆடும். நான் கட்டிலால இறங்கி அந்தக் கோர்னர்ல படுப்பன். காதை வச்சுக் கேப்பன். சத்தம் கேட்டா அப்பா இன்னும் வீட்டிலதான், போகேல்லை எண்டு தெரியும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோடு தடித்திருந்த மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளை படுத்திருந்திருக்கிறாள். நான் போய்விட்டேனா இல்லையா என்று கேட்பதற்காக.

என்னால் சிரிக்க முடியவில்லை. அவளுடைய சிரிப்பும் மெல்ல நின்றது. மனைவி கெட்டிக்காரி, எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி மகளின் பக்கம் திருப்பியிருந்ததால் மனைவியின் முகம் எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அது என்ர சாம்பிராணி இல்லை," என்றாள்.

"இல்லை," என்றேன். "வான்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

நேற்றுத்தான் யோசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடமாக எத்தனையோ பொய் சொல்லியாகிவிட்டது, இன்னுமொன்று பெரிய பாரமில்லை. ஆனால் களைத்துவிட்டேன்.

"கார்ப்பெட் துடைச்ச அண்டைக்கு."

ஒரு கார் எங்களைக் கடந்து போனது. மனைவி கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"இந்த ஒன்பது வருசமும் வெள்ளிக்கிழமையில விளக்குக்கு முன்னால நிண்டு, என்ர பிள்ளையின்ர நெஞ்சை நான் பழுதாக்கிப் போட்டன், என்னை மன்னிச்சுக்கொள் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்."

மகள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையும் பார்க்காமல் அம்மாவையும் பார்க்காமல் இருந்தாள்.

"எடு பிள்ளை, போவம்," என்றாள் மனைவி.